துடைக்காத கரும்பலகை

வகுப்பறைக்குள் நுழைகிறோம். முந்தைய பாடவேளையின் ஆசிரியர் கரும்பலகையைத் துடைக்காமல் போயிருக்கிறார். ஒரு மூலையில் 47.5 என்ற எண் நிற்கிறது. அது வேதியியல் கணக்கொன்றின் விடையாக இருக்கலாம். யாரோ ஒருவருடைய எடையாகவும் இருக்கலாம். நாம் அந்த எண்ணுக்கு இடப்பக்கத்தில் 'வெப்பநிலை' என்று எழுதிவிட்டு, அளவை எழுத மறந்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி வரிசை மாணவன் தன் குறிப்பேட்டில் 'வெப்பநிலை 47.5' என்று எழுதிக்கொள்வான். அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. பலகையில் இருந்ததைத்தான் அவன் எழுதினான்.

கணிப்பொறி நிரல்களில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் ஒரு பிழை இதுவே. மாறி ஒன்றுக்குப் பெயர் சூட்டுகிறோம். மதிப்புத் தர மறந்துவிடுகிறோம். கணிப்பொறி அந்த இடத்தில் முன்பே கிடந்ததை மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. இந்தப் பிழையை முன்கூட்டியே கண்டு சொல்ல மனிதர் செய்த முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அந்த வரலாற்றில், எச்சரிக்கை தந்தும் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் நேர்ந்த பெரும் இடர் ஒன்றும் உண்டு.

வெறுமையான அறை இல்லை

"மதிப்புத் தரவில்லை என்றால் அந்த இடம் காலியாகத்தானே இருக்கும்?" என்று கேட்கத் தோன்றும். இயற்பியல் இதற்கு விடை தருகிறது. 1950களிலும் 1960களிலும் கணிப்பொறிகளின் நினைவகம் சின்னஞ்சிறு ஃபெரைட் வளையங்களால் ஆனது. ஒவ்வொரு வளையமும் இடஞ்சுழியாகவோ வலஞ்சுழியாகவோ காந்தமேறியிருக்கும். ஒரு திசை 0, மற்றது 1. 'ஒன்றும் எழுதப்படவில்லை' என்பதற்கு மூன்றாவது திசை கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் காந்தத்தன்மை போகாது. ஆகவே முந்தைய நிரல் விட்டுச்சென்ற எண்கள் அடுத்த நிரலுக்கு அப்படியே காத்திருந்தன.

பின்னர் வந்த குறைகடத்தி நினைவகத்திலும் நிலைமை இதுதான். மின்சாரம் பாய்ந்ததும் ஒவ்வொரு சுற்றும் தன்னிலுள்ள நுண்ணிய சமனின்மைக்கேற்ப ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். காலியான கரும்பலகை என்று ஒன்று கணிப்பொறிக்குள் இல்லை. பூஜ்யமும் யாரேனும் எழுதினால்தான் நம்பத்தக்க பூஜ்யம் ஆகும்.

மாணவர்கள் எழுதிய காவல்காரன்

மனிதர் எழுதும் நிரலைப் பொறி அறியும் ஆணைகளாக மாற்றித்தரும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் உருவாக்கிய ஃபோர்ட்ரான் கம்பைலர் 1957இல் வெளிவந்தது. விரைவாக ஓடும் ஆணைகளை ஆக்கித் தருவதே அதன் முதல் நோக்கம். நிரல் எழுதுபவரின் மறதியைக் கண்டுபிடிப்பது அன்று பெரிய நோக்கமாக இருக்கவில்லை.

கல்லூரி மாணவர்களுக்கு இது போதவில்லை. அட்டைகளில் துளையிட்ட நிரலைக் கொடுத்துவிட்டு நெடுநேரம் காத்திருந்து, பொருளற்ற விடை ஒன்றைப் பெற்றுத் திகைத்து நின்றார்கள். 1965ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் நால்வர் சேர்ந்து, மாணவர்களுக்கென்றே வாட்ஃபார் என்னும் ஃபோர்ட்ரான் கம்பைலரை எழுதினார்கள். தெளிவான பிழைச் செய்திகளுக்கு அது பெயர்பெற்றது. வாட்ஃபாரும் அதன் வழிவந்த வாட்ஃபைவும் மதிப்புப் பெறாத மாறியைப் பயன்படுத்தினால் கண்டுபிடித்துச் சொல்லும்.

இதற்கான உத்தி எளியது. நிரல் ஓடத் தொடங்குமுன் மாறிகளின் இடங்களிலெல்லாம் ஒரு தனி அடையாளத்தை நிரப்பி வைக்க வேண்டும். மாறியைப் படிக்கும்போது அந்த அடையாளம் அழியாமல் இருந்தால், அதில் யாரும் எதையும் எழுதவில்லை என்று பொருள். பலகை முழுவதும் முன்கூட்டியே 'இதை நம்பாதே' என்று எழுதி வைப்பதைப் போன்றது இது. பின்ன எண்களின் கணக்கீட்டுக்காக 1985இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 754 தரநிர்ணயத்திலும் 'எண் அல்ல' என்ற பொருள்தரும் சிறப்புக் குறிகள் உள்ளன. அவற்றுள் ஒரு வகை, தொடக்க மதிப்புப் பெறாத மாறிகளைக் காட்டிக்கொடுக்கவும் பயன்படலாம் என்பது அதை வகுத்தவர்களின் எண்ணம்.

ஆயினும் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் இவ்வாறு சோதித்தால் நிரல் மெதுவாகிவிடும். மேலும், நிரல் ஓடும்போது எந்த வழியில் செல்கிறதோ அந்த வழியிலுள்ள பிழை மட்டுமே தெரியவரும்.

கொழும்பில் பிறந்தவர் தந்த குறி

அதே 1965இல் இன்னொரு விதை விழுந்தது. அதை ஊன்றியவர் டோனி ஹோர். 1934இல் கொழும்பில், ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். எண்களை விரைவாக வரிசைப்படுத்தும் 'குவிக்சார்ட்' முறையைக் கண்டவர். 1980ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றவர்.

ஹோர், நிக்லாஸ் விர்த்துடன் சேர்ந்து ஆல்கால் டபிள்யூ என்னும் மொழியை வடிவமைத்தார். அதில் ஒரு பொருளின் இருப்பிடத்தைச் சுட்டிக்காட்டும் மாறிகள் இருந்தன. இவற்றைச் சுட்டிகள் என்போம். 'இந்தச் சுட்டி இப்போது எதையும் காட்டவில்லை' என்று சொல்லவும் ஒரு குறி வேண்டுமல்லவா? அதற்காக 'நல்' என்னும் வெறுமைக் குறியை அவர் சேர்த்தார். பின்னர் வந்த மொழிகளுள் மிகப் பல இதனை ஏற்றுக்கொண்டன.

அதன் விளைவாக, சுட்டியைத் தொடுமுன் 'இது வெறுமையா?' என்று கேட்பது நிரல் எழுதுபவரின் நாள்தோறும் செய்யும் கடமை ஆயிற்று. கேட்க மறந்தால் நிரல் இடையில் வீழும். 2009இல் லண்டன் மாநாடு ஒன்றில் பேசிய ஹோர், செய்வதற்கு மிக எளிதாக இருந்ததால் அந்த ஆசையை அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, அதனைத் தம்முடைய நூறு கோடி டாலர் பிழை என்று அழைத்தார்.

தவறான ஆளிடம் கேட்ட கேள்வி

இனி நம் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். வெறுமைக் குறியும் ஒரு மதிப்பே. அதையும் யாரேனும் எழுதியிருக்க வேண்டும். மதிப்பே பெறாத சுட்டி வெறுமையாக இராது. அதில் பழைய குப்பை இருக்கும்.

ஆசிரியரின் மதிப்பெண் ஏட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியிருந்தால் அது ஒரு செய்தி. அந்தக் கட்டத்தில் சென்ற ஆண்டு மாணவன் ஒருவனின் மதிப்பெண் அழிக்கப்படாமல் கிடந்தால் அது செய்தியே அன்று. ஆனால் "இந்தக் கட்டத்தில் 'வரவில்லை' என்று இருக்கிறதா?" என்று மட்டும் பார்ப்பவர், "இல்லை, ஆகவே இவன் தேர்வு எழுதியிருக்கிறான்" என்று முடிவு செய்துவிடுவார்.

பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில் இது அப்படியே நிகழும். 'கோப்பு கிடைத்தால் அதன் இடத்தைச் சுட்டியில் எழுது' என்று ஒரு வரி. சற்றுப் பின்னால், 'சுட்டி வெறுமையாக இல்லையென்றால் அது காட்டும் இடத்தைப் பயன்படுத்து' என்று இன்னொரு வரி. கோப்பு கிடைக்காதபோது சுட்டியில் யாரும் எதையும் எழுதவில்லை. அதிலுள்ள குப்பை பூஜ்யம் அல்லாததால் சோதனையில் தேறிவிடும். நிரல் எங்கோ உள்ள இடத்தைத் தொட்டுக் கெடுத்துவிடும். சோதனை இருக்கிறது, பாதுகாப்பு இல்லை.

இதைவிட மோசமான நிலை ஒன்றுண்டு. புதிதாகத் தொடங்கும் நிரலுக்கு இயக்க அமைப்பு வழக்கமாகப் பூஜ்யம் நிரப்பிய நினைவகத்தையே தருகிறது. ஆகவே சிறிய சோதனைகளின்போது அந்தச் சுட்டியில் தற்செயலாகப் பூஜ்யம் இருக்கக்கூடும். எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றும். நெடுநேரம் ஓடி, நினைவகம் பலமுறை எழுதப்பட்ட பின்னரே பிழை வெளிப்படும்.

துணியில் ஒட்டிய பஞ்சு

சி மொழிக்கு இத்தகைய குறைகளைக் காட்டும் துணைக்கருவி ஒன்றை, பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் 1970களின் பிற்பாதியில் எழுதினார். அதன் பெயர் 'லின்ட்'. ஆடையில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். நிரலை ஓட்டாமலே, எழுத்தை மட்டும் படித்து, ஒட்டியிருக்கும் துகள்களை அது சுட்டிக்காட்டியது. மதிப்புப் பெறுமுன் பயன்படும் மாறியும் அவற்றுள் ஒன்று.

ஜான்சன் இதனை எப்படிச் செய்தார் என்பது சுவையானது. எல்லா வழிகளையும் ஆராய்வது நேரத்தையும் நினைவகத்தையும் விழுங்கும் என்று கண்டு, அவர் ஓர் எளிய விதியைக் கொண்டார். கோப்பில் மேலிருந்து கீழே படிக்கும்போது, மாறிக்கு மதிப்புத் தரும் வரிக்கு முன்னரே அதைப் பயன்படுத்தும் வரி வந்தால் முறையிட வேண்டும். அவ்வளவே. நாம் மேலே கண்ட கோப்பு உதாரணத்தை இந்த விதி பிடிக்காது. ஏனெனில் மதிப்புத் தரும் வரி முன்னால்தான் இருக்கிறது. அது எல்லா நேரமும் நிறைவேறாது என்பதுதான் சிக்கல்.

சாலைகளை ஆராய்ந்தவர்கள்

நிறைவேறும் வழிகளை ஆராயும் முறை வேறோர் இடத்தில், வேறொரு நோக்கத்துக்காக வளர்ந்துகொண்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபிரான்சஸ் ஆலன் நிரலின் பாதைகளைப் படமாக வரைந்து ஆராயும் முறையை 1970இல் விளக்கினார். பின்னாளில், 2006ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்று, அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1973இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரக் கடற்படை முதுநிலைக் கல்லூரி ஆசிரியர் கேரி கில்டால், அந்தப் பாதைகளில் செய்திகளை ஓடவிட்டு ஆராயும் பொதுமுறை ஒன்றை வெளியிட்டார். இருவருடைய முதல் நோக்கமும் நிரலை விரைவாக ஓடச் செய்வதே.

கில்டாலின் முறையை ஓர் உவமையால் விளக்கலாம். ஊருக்குள் வரும் சாலைகள் இரண்டு. ஒன்றில் சுங்கச்சாவடி உண்டு. அங்கே சீட்டில் முத்திரை குத்துவார்கள். மற்றதில் சாவடி இல்லை. இரண்டும் கூடும் சந்திப்பில் நிற்பவர், 'இங்கு வரும் எல்லா வண்டிகளிலும் முத்திரை உண்டு' என்று உறுதி கூற முடியாது. சாவடியை 'மதிப்புத் தரும் வரி' என்றும், சந்திப்பை 'மாறியைப் படிக்கும் வரி' என்றும் கொள்ளுங்கள். கம்பைலர் ஒவ்வொரு சந்திப்பிலும் இந்தக் கணக்கைப் போட்டு, விடை மாறாத நிலை வரும்வரை திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜி.சி.சி. கம்பைலரில் இதன் விளைவைக் காணலாம். பல ஆண்டுகள்வரை, நிரலைச் செம்மைப்படுத்தித் தரும்படி கேட்டால்தான் அது 'தொடக்க மதிப்பு இல்லை' என்னும் எச்சரிக்கையைத் தந்தது. பாதைகளை அது ஆராய்ந்தது வேகத்துக்காக. எச்சரிக்கை அந்த ஆராய்ச்சியின் துணைவிளைவு.

'இருக்கலாம்' என்று ஏன் சொல்கிறது?

அந்த எச்சரிக்கையின் வாசகம் பெரும்பாலும் 'மதிப்புப் பெறாமல் பயன்படுத்தப்படலாம்' என்றே இருக்கும். ஏன் இந்தத் தயக்கம்? ஒரு நிரல் எந்த வழியில் செல்லும், எப்போது நிற்கும் என்பதை எல்லா நிரல்களுக்கும் பொதுவாக முன்கூட்டியே சொல்லவல்ல முறை இருக்கவே முடியாது என்று 1936இல் ஆலன் டூரிங் நிறுவினார். ஆகவே இவ்வகை ஆராய்ச்சி சில வேளை குற்றமற்ற நிரலையும் ஐயுறும். அல்லது குற்றமுள்ள நிரலைச் சில வேளை தவறவிடும். இரண்டையும் ஒருசேரத் தவிர்க்க இயலாது. ஜி.சி.சி.யின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, 'உறுதியாக மதிப்பு இல்லை' என்பதையும் 'இல்லாமல் இருக்கலாம்' என்பதையும் இரு தனி எச்சரிக்கைகளாகப் பிரித்தது.

வீண் எச்சரிக்கைகள் மிகுந்தால் மனிதர் சலித்துப்போகிறார்கள். மாறியை அறிமுகப்படுத்தும் இடத்திலேயே ஒரு பூஜ்யத்தை எழுதிவிட்டால் எச்சரிக்கை நின்றுவிடும். பூஜ்யம் உண்மையிலேயே சரியான தொடக்கமாக இருந்தால் நல்லது. இல்லையென்றால், மறந்துபோன வழி மறந்தபடியே இருக்கும். அதைச் சுட்டிக்காட்ட இருந்த ஒரே குரலும் அடங்கிவிடும்.

இரண்டு வரிகளின் விலை

எச்சரிக்கையை அடக்குவதில் உள்ள ஆபத்தை உலகம் 2008இல் கண்டது. டெபியன் என்பது லினக்ஸ் இயக்க அமைப்பின் புகழ்பெற்ற வடிவங்களுள் ஒன்று. அதில் இரகசியச் சாவிகளை உருவாக்க ஓப்பன்எஸ்.எஸ்.எல். என்னும் நிரல்தொகுப்புப் பயன்பட்டது. சாவி பிறர் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டுமானால், பல இடங்களிலிருந்து சேர்த்த தற்செயல் எண்களைக் கலக்க வேண்டும்.

நிரல் ஓடும்போது நினைவகத்தைக் கண்காணிக்கும் வால்கிரைண்ட் என்னும் கருவி, இந்தத் தொகுப்பு மதிப்புப் பெறாத நினைவகத்தைப் படிப்பதாக முறையிட்டது. முறையீடு உண்மையே. கலவையில் பழைய குப்பையும் கொஞ்சம் சேர்ந்தால் கெடுதல் இல்லை என்று அதை எழுதியவர்கள் விட்டிருந்தார்கள். 2006இல் டெபியனில் இந்த முறையீட்டை நிறுத்துவதற்காக, ஒன்றுபோல் தோன்றிய இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒரு வரி குப்பையைக் கலந்த வரி. அதை நீக்கியதால் இழப்பில்லை. மற்றது, உண்மையான தற்செயல் எண்களைக் கலவைக்குள் சேர்த்த வரி.

எச்சரிக்கை நின்றது. நிரல் வழக்கம்போல் ஓடியது. ஆனால் சாவிக்கு ஆதாரமாக எஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயக்க அமைப்பு தரும் வரிசை எண் மட்டுமே. அது 32,768ஐத் தாண்டாது. ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் சாவி அளவுக்கும் ஏறத்தாழ அத்தனை சாவிகள்தாம் பிறக்க முடியும். ஒரு கணிப்பொறி அவை எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியலிட்டுவிடலாம். லூசியானோ பெல்லோ என்பவர் இக்குறையைக் கண்டார். 2008 மே 13 அன்று செய்தி வெளியானது. நிரலைத் திருத்தியது மட்டும் போதவில்லை. ஏறத்தாழ இருபது மாதங்களில் உருவான சாவிகளைத் தேடித்தேடி மாற்ற வேண்டியதாயிற்று.

காணாமற்போன சோதனை

மறு ஆண்டிலேயே இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 2009இல் லினக்ஸின் 2.6.30 பதிப்பில், வலைத்தொடர்பு சார்ந்த ஒரு பகுதியில், சுட்டி ஒன்றை முதலில் தொட்டுப் படித்துவிட்டு, அடுத்த வரிகளில் 'இது வெறுமையா?' என்று கேட்டிருந்தார்கள். கம்பைலர் பாதையை ஆராய்ந்தது. 'இந்தச் சுட்டியை ஏற்கெனவே தொட்டாயிற்று. வெறுமையான சுட்டியைத் தொடுவது மொழியின் விதிக்குப் புறம்பு. ஆகவே இது வெறுமையாக இருக்க முடியாது. பின்னால் வரும் சோதனை வீண்' என்று முடிவுகட்டி, சோதனையை நீக்கிவிட்டது. மூலநிரலைப் படிப்பவர் கண்ணுக்குச் சோதனை தெரியும். ஓடும் ஆணைகளில் அது இல்லை. பூஜ்ய முகவரியில் தன் தரவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் தீயவன் ஒருவன், இதனால் கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று செய்து காட்டப்பட்டது. பின்னர் வரிகளின் வரிசை திருத்தப்பட்டது. வெறுமைச் சோதனைகளை நீக்கக் கூடாது என்ற கட்டளையுடன் லினக்ஸின் மையப்பகுதியைத் தொகுக்கும் வழக்கமும் வந்தது.

நமக்கு எச்சரிக்கை தந்த அதே ஆராய்ச்சிதான் இங்குச் சோதனையையும் அழித்தது. கம்பைலர் நம் எண்ணத்தை அறியாது. நாம் எழுதியதையும் மொழியின் விதியையும் மட்டுமே அறியும்.

கண்டிப்பான மொழிகள்

1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா மொழி, எச்சரிக்கையைச் சட்டமாக்கியது. செயல்முறைக்குள் உள்ள மாறி எல்லா வழிகளிலும் மதிப்புப் பெற்றிருக்கிறது என்று கம்பைலர் கண்டாலன்றி நிரல் ஏற்கப்படாது. சில நல்ல நிரல்களும் மறுக்கப்படலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்கள். எனினும் வெறுமைக் குறியை ஜாவா விடவில்லை. ஸ்விஃப்ட், ரஸ்ட், காட்லின் முதலிய பிற்கால மொழிகள், 'வெறுமையாக இருக்கக்கூடியது', 'ஒருபோதும் வெறுமையாகாதது' என்று இரண்டையும் தனித்தனி வகைகளாக்கின. முதல் வகையை, வெறுமையான நிலைக்கும் வழிசொன்ன பிறகே பொதுவாகப் பயன்படுத்த முடியும்.

பழைய சி நிரல்கள் இன்றும் கோடிக்கணக்கான கருவிகளில் ஓடுகின்றன. 2022இல் வந்த ஜி.சி.சி. 12, விரும்பிக் கேட்டால், மதிப்புப் பெறாத மாறிகளில் தானே பூஜ்யத்தை நிரப்பித் தருகிறது. குப்பையால் வரும் ஆபத்து இதனால் குறையும். ஆனால் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி, அப்படி நிரப்பிய பின்னும் அது எச்சரிக்கை தருவதை நிறுத்துவதில்லை என்பதே. பலகையைத் துடைத்துவிட்டேன், நீ எழுத நினைத்த வெப்பநிலை என்னவென்று எனக்குத் தெரியாது என்று அது சொல்வதாகக் கொள்ளலாம்.

சி மொழி பயிலும் மாணவர்கள் எல்லா எச்சரிக்கைகளையும் தரும்படி கம்பைலரைக் கேட்டுப் பழக வேண்டும். இந்த எச்சரிக்கை வந்தால், உடனே பூஜ்யத்தை எழுதிவிடாமல், மாறி படிக்கப்படும் வரியில் விரலை வைத்து அங்கு வந்துசேரும் வழிகளைப் பின்னோக்கித் தேடிப் பாருங்கள். மதிப்புத் தராத வழி ஒன்று கிடைத்தால், அந்த வழியில் இம்மாறி என்னவாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். விடை 'வெறுமை' என்றால் அதையே எழுதுங்கள். பிறகு உங்கள் வெறுமைச் சோதனை உண்மையான சோதனை ஆகும். விடை வேறு ஏதேனும் என்றால், நிரலில் ஒரு வரியை எழுத மறந்திருக்கிறீர்கள். அதைக் கம்பைலர் எழுதித்தர முடியாது.